கட்டாரில் இருக்கும் மகனுக்கு

திருகோணமலை,
வெள்ளி பின்னேரம்

அன்பு ராசா,

நாங்கள் சுகம். நீயும் சுகமாயிருக்கக் காளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் எடுத்தால் "வேலை அம்மா, பிறகு கதைக்கிறேன்" என்கிறாய். சரி, வேலைதானே. அதனால்தான் கடிதம் எழுதி, கருவாட்டோடு எதிர்வீட்டு அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன்.

அங்கே வெயில் 45 பாகையாம், அக்கா சொன்னாள். தண்ணீர் குடிக்கிறாயா? பாத்ரூம் போனால் நிறத்தைப் பார். பிளேன்டீ நிறத்தில் போனால் தண்ணீர் காணாது என்று அர்த்தம். நாரி நோகுதென்று கடையில் நோவுக் குளிசை வாங்கி வாங்கிப் போடாதே. அது நேரே சிறுநீரகத்தில்தான் கைவைக்கும்.

இன்று அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முறை, சிறுநீரகத்துக்குப் பதிலாக மெஷினில் இரத்தம் வடிக்கிற நாள். விடிய ஓட்டோவில் போனோம். தராசில் ஏறினால் 62 கிலோ. செவ்வாய் வரும்போது 59 அரை. இடையில் ஏறிய இரண்டரையும் தண்ணீர். இளநீர் குடித்திருக்கிறார், களவாக. அதில் பொட்டாசியம், இருதயத்தையே நிற்பாட்டிவிடும் என்று நேர்ஸ் மிஸ்ஸி எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! தென்னை வைத்த மனுசனுக்கு இளநீர் விலக்கு. என்ன செய்ய.

கையில் இரண்டு ஊசி. ஒரு குழாயால் இரத்தம் வெளியே போகிறது, மற்றதால் திரும்பி வருகிறது. நடுவில் ஒரு வடிகட்டிக் குழாய், உள்ளே தலைமயிரைப் போல ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். அவற்றுக்குள்ளே இரத்தம், வெளியே மருந்துத் தண்ணீர். கழிவு தண்ணீர்ப் பக்கம் கசிந்து போய்விடும், இரத்தத்தின் செங்கலங்கள் பெரிசு, அவை போகாது. நாலு மணித்தியாலத்துக்கு 120 லீற்றர் தண்ணீர் செலவு. நல்ல சிறுநீரகம் இரண்டும் ஒரு நாளில் 180 லீற்றர் வடித்து, அதில் ஒன்றரை லீற்றரை மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தைத் திருப்பி இரத்தத்துக்கே கொடுத்துவிடுமாம். நித்திரையிலும் அதே வேலை. சீனி வருத்தமும் பிரஷரும் இருபது வருடமாக அரித்தபோது அந்த மனுசனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டில் பெடியன் ஒருவன் பயந்துபோய்க் கிடந்தான், வயது உன்னளவுதான். அப்பா அவனுக்குப் பாடம் எடுத்தார். "தம்பி, இரத்தம் எங்கள் மூதூர் லோஞ்ச் படகு மாதிரி. போகும்போது சாமான், வரும்போது கழிவு. தின்ற மீனில் மிஞ்சியதை ஈரல் யூரியாவாக்கி ஏற்றிவிடும். காபனீரொட்சைட்டு சுவாசப்பையில் இறங்கி மூச்சோடு போய்விடும், அது எனக்கும் உனக்கும் இன்னும் ஒழுங்காகப் போகிறது. யூரியாவுக்கு இறங்குதுறை சிறுநீரகம். துறையை மூடினால் லோஞ்சில் என்ன பிழை? இறக்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வரும்." பெடியன் சிரித்தான். போன வருடம் அது சுற்றிச் சுற்றி வந்தபோதுதான் அவருக்குச் சோறு இரும்பு மாதிரி ருசித்தது, உடம்பெல்லாம் சொறிந்தார். என் சமையலில் பிழை பிடிக்கிறார் என்று நான் ஒரு கிழமை கதைக்காமல் இருந்தேன்.

கையில் நாடி, நாளம் என்ற இரண்டு இரத்தக்குழாயையும் சேர்த்துத் தைத்த இடத்தில் இரவில் கைவைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பூனை உறுமுவது மாதிரி உள்ளே அதிரும். அதிர்ந்தால் ஓட்டம் சரி. அவர் தூங்கிய பிறகு காதை வைத்துக் கேட்பேன்.

உன் காசில்தான் கூரை போட்டோம், அறைக்கு விசிறி வாங்கினோம். தெருவில் கண்டவருக்கெல்லாம் சொல்கிறேன். ஆனால் வருடப்பிறப்புக்கு ஒரு வார்த்தை வரவில்லையே ராசா, வெறும் படம் ஒன்றல்லவா அனுப்பினாய். தையில் வந்தபோது நீ சோதனைக்கு இரத்தம் கொடுத்த விசயம், பொருந்தியது, அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் சொல்லவேண்டாம். தண்ணீர் குடி, அது போதும்.

கேட்க எனக்கு வாயில்லை. பெரிய டொக்டர் முதலில் கேட்டது உன்னையில்லை, என்னை. என் இரத்தம் ஓ வகை, எல்லா வகைக்கும் பொருந்தும். ஒரு சிறுநீரகத்தை அப்பாவுக்குக் கொடுத்தால் மற்றது பெருத்து அந்த வேலையையும் பார்த்துக்கொள்ளும் என்றார். தலையாட்டினேன். மிச்சப் பரிசோதனைக்குக் கண்டிக்குப் போகக் கார்த்திகையில் நாள் தந்தார்கள். அக்கா கூட வருகிறேன் என்றும் கேளாமல் தனியப் போனேன். விடிய நாலு மணி, பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் கடைவாசலில் மான்கள் படுத்திருந்தன. கண்டி பஸ் வந்தது, கொண்டக்டர் கூப்பிட்டான், நான் ஏறவில்லை. கோணேசர் கோயில் படியில் பின்னேரம் வரை இருந்தேன். வீட்டுக்கு வந்து, எனக்கும் சீனியாம், எடுக்கமாட்டார்களாம் என்று அப்பாவுக்குச் சொன்னேன்.

எனக்குச் சீனி இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் உன்னைக் கூப்பிட்டார்.

எட்டு மாதமாகச் சீனி போடாத தேத்தண்ணீர் குடிக்கிறேன். என் வருத்தத்தை நினைத்து அவரே ஊற்றித் தருகிறார், மறதியில் ஒரு கரண்டி போட்டுவிட்டால் ஊற்றிவிட்டுத் திரும்பப் போடுகிறார்.

திரும்ப நாள் கேட்டிருக்கிறேன், வருகிற 12ஆம் தேதி. என் வயதுக்கு எடுப்பார்களோ, பார்த்துத்தான் சொல்வார்கள். அக்காவுக்குத் தெரியும். அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை, நீ எடுத்தால் ஒன்றும் உளறிவிடாதே. செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணிக்குப் பிறகு எடு, அதுவரை கையை அசைக்கமுடியாது அவருக்கு.

கருவாடு பாரை. இப்போது நம் வீட்டில் சமைப்பதில்லை, உப்பு. அரை மணித்தியாலம் சுடுதண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமை. இரண்டு தரம் ஊற்று.

அம்மா