அந்த நோட்டுகள் எடைக்குப் போகக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் காடுகள் பற்றி வந்த கட்டுரையில், 'அதே மரங்களைத் திரும்பத் திரும்ப அளக்கிற பணத்தில் புதுக் கன்றுகளாவது நடலாம்' என்று ஒரு வரி. நீங்கள் படித்த பிறகுதான் அச்சுக்குப் போயிருக்கும், அதுதான் எனக்கு வருத்தம்.

முதுமலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 1988-ல் தொடங்கிய 50 ஹெக்டேர் பகுதி உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள தண்டு வரைக்கும் எண் கட்டி, எது செத்தது, எது புதிதாக முளைத்தது என்று குறித்து, நாலு வருடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் மறுபடி அளக்கிறார்கள். தீயும் வறட்சியும் யானையும் எந்த மரத்தை எவ்வளவு குறைத்தன, உண்ணிச்செடி எப்படிப் பரவியது என்பதெல்லாம் இப்படித்தான் தெரியவந்தது. ஒருநாள் போய் எண்ணிவிட்டு வந்தால் இதில் எதுவும் தெரியாது, ஏனென்றால் மேலே பச்சையாகத் தெரிகிற காட்டில் கீழே அடுத்த தலைமுறைக்கு ஒரு கன்று கூட இல்லாமல் இருக்கலாம்.

நான் தாவரவியல் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியை, வளாகத்துக்குள் இருந்த காட்டுத் துண்டில் கயிறு கட்டி எங்களை எண்ண வைப்பார். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி மரத்தை அளக்க வேண்டும், அப்புறம் களா, காரை, சங்கமுள் என்று புதர்களுக்குள் நுழைய வேண்டும், கையெல்லாம் கிழியும். கிண்டி தேசியப் பூங்காவில் இருப்பதும் இதே வகைக் காடுதான், 270 ஹெக்டேர், அதில் புதர்தான் பாதி உயிர். பேராசிரியை ஓய்வு பெற்றதும், நாங்கள் எண்ணிக் குறித்து வைத்த நோட்டுகளைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த பிறகு, எங்கள் வளாகக் காட்டில் எந்த மரம் எத்தனை போயிற்று என்று கேட்டார்கள். விழுந்து கிடந்ததை எண்ணலாம், முன்னால் எத்தனை இருந்தது என்று யார் சொல்வது? அதுவும் போகட்டும், விழுந்ததை அள்ள வந்த பொக்லைன் நின்றிருந்த புதரையும் சேர்த்து வழித்தது. உங்கள் பத்திரிகை அதைப் படத்தோடு 'புதர் மண்டிய இடம் சீரமைப்பு' என்று போட்டது. அப்போதும் எழுதினேன், நீங்கள் பதில் போடவில்லை.

வெயிலில் முள்ளுக்குள் குனிந்து அளக்கிறவர்களை நன்கொடைப் பணத்தைச் சாப்பிடுகிறவர்கள் மாதிரி எழுதினால் மனது பொறுக்கவில்லை. நடுகிறவரைப் பத்திரிகை படம் எடுக்கிறது, சரி. நட்டது செத்ததா பிழைத்ததா என்று பார்க்கிறவர் மட்டும் வீண் வேலை செய்கிறவரா?

கட்டுரையாளரை நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. ஒரு சின்ன விஷயம் செய்யுங்கள், போதும். இனி மரக்கன்று நடும் விழாப் படம் போடும்போது, போன வருடம் அதே ஆட்கள் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்டு, கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
வேளச்சேரி, சென்னை