சேலத்தை 'சி' போட்டுத் தேட வேண்டும்

டொராண்டோ

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்குக் கால் வலி தேவலையா? வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசுவதற்காக, இந்த ஊர்ப் பொது நூலகம் எப்படி நடக்கிறது என்று விவரமாகக் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாநகரத்துக்கு 100 கிளை நூலகங்கள். நூற்றுக்கும் சேர்த்துப் பட்டியல் ஒன்று, உறுப்பினர் அட்டை ஒன்று. மற்ற எல்லா வசதியும் இதிலிருந்து கிளைத்ததுதான். நம் சேலத்தில் நீங்கள் இருப்பது அம்மாப்பேட்டை, தேடும் புத்தகம் அஸ்தம்பட்டியில் இருக்கிறது என்று வையுங்கள். இங்கே என்றால் பஸ் ஏற வேண்டாம். வீட்டிலிருந்தே பட்டியலில் அந்தப் புத்தகத்துக்கு முன்பதிவு போட்டு, எந்தக் கிளையில் வாங்கிக்கொள்வீர்கள் என்று குறித்தால் போதும். அங்கே ஊழியர் அலமாரியிலிருந்து எடுத்துப் பெட்டியில் போடுவார், வேனில் உங்கள் கிளைக்கு வந்துவிடும். சீட்டுச் சொருகித் தனி அலமாரியில் வைத்திருப்பார்கள். கெடு தேதிக்குள் போகாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். பலரும் கோட்டை விடுவது இதில்தான்.

ஊரில் வசிப்பவருக்கு அட்டை இலவசம், காப்புத்தொகை கிடையாது. பெயரும் முகவரியும் உள்ள சான்று காட்டினால் அன்றைக்கே தருகிறார்கள். புத்தகத்துக்கு 21 நாள் தவணை. வேறு யாரும் காத்திருக்காவிட்டால் நீட்டித்துக்கொள்ளலாம். தாமதக் கட்டணத்தை 2021இல் குழந்தைகளுக்கு நீக்கினார்கள், 2022இல் எல்லோருக்குமே நீக்கிவிட்டார்கள். அபராதத்துக்குப் பயந்து நூலகப் பக்கமே வராமல் நின்றவர்கள் இல்லாதப்பட்ட வீட்டார்தான் என்பது காரணம். அதற்காகப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாது. ரொம்ப நாள் திருப்பாவிட்டால் புத்தகத்தின் விலை கணக்கில் ஏறும், திருப்பிக் கொடுத்தால் அது நீங்கும். இதை அவசியம் கூட்டத்தில் சொல்லுங்கள்.

தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. நம் மக்கள் அதிகம் உள்ள ஸ்கார்பரோ பக்கத்துக் கிளைகளில் தமிழுக்கென்றே அலமாரி உண்டு. ஆனால் பட்டியலில் தேடத் தெரியாமல் "இல்லை" என்று திரும்புகிறவர்கள் நிறைய. வட அமெரிக்க நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதியும்போது, ஒலியைப் பார்ப்பதில்லை. ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரு குறி என்ற விதிப்படி பதிகிறார்கள். 'ச' வந்தால் எப்போதும் ஆங்கில 'சி' (C) எழுத்துத்தான். சேலத்தை 'எஸ்' போட்டுத் தேடினால் வராது, 'சி' போட்டால்தான் வரும். 'ழ'வுக்கு நாம் 'இசட்', 'ஹெச்' சேர்ப்போம். அங்கே 'எல்' எழுத்தின் கீழ் ஒரு கோடு, அவ்வளவுதான். தட்டும்போது கோடு தேவையில்லை. வாழ்க்கை என்றால் வி, ஏ, எல், கே, கே, ஏ, ஐ. 'த'வுக்கு 'ஹெச்' சேராது, 'ங்க' என்பதற்கு 'ஜி' வராது: சங்கம் என்றால் சி, ஏ, என், கே, ஏ, எம். பார்க்கக் கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனால் இப்படி எழுதியதிலிருந்து மூலத் தமிழ் எழுத்தைப் பிசகில்லாமல் மீட்டுவிடலாம். நம் காதுக்கு ஏற்றபடி எழுதினால் ஆளுக்கொரு விதமாகப் போய்விடும். சில பதிவுகளில் தமிழ் எழுத்தும் சேர்ந்தே இருக்கும், அதனால் இரண்டு விதமாகவும் தேடிப் பார்ப்பது நல்லது.

இத்தனை ஒழுங்கும் 2023 அக்டோபர் 28 அன்று அப்படியே நின்றது. யாரோ கணினிகளுக்குள் புகுந்து முடக்கி, பணம் கேட்டார்கள். நூலகம் கொடுக்கவில்லை. கிளைகளையும் மூடவில்லை. புத்தகம் கொடுப்பதைக் கையால் எழுதிக்கொண்டார்கள். திரும்பி வந்ததை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். கணினியில் வரவு வைக்காமல் அலமாரியில் வைத்தால் பட்டியலும் அலமாரியும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகும், பிறகு எதையும் தேடி எடுக்க முடியாது. அதனால் லட்சக்கணக்கான புத்தகங்களைப் பெட்டி கட்டி, பெரிய டிரெய்லர்களில் அடுக்கி வைத்தார்கள். முடிந்தால் வீட்டிலேயே வைத்திருங்கள் என்று வாசகர்களிடமும் கேட்டுக்கொண்டார்கள். மறு வருடம் பிப்ரவரி வாக்கில்தான் சீரானது. உங்கள் நூலகத்தில் கையால் எழுதும் பதிவேட்டை, கணினி வந்த பிறகும் விட்டுவிடாதீர்கள் மாமா.

வரலாறும் கேட்டீர்கள். 1882இல் இந்த மாகாணத்தில் இலவச நூலகச் சட்டம் வந்தது, 1884 மார்ச் 6 அன்று நூலகம் திறந்தது. 1903இல் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி 3,50,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1907இல் எழுந்த யார்க்வில் கிளை இன்றும் நடக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த எட்கர் ஆஸ்போர்ன் என்பவர் குழந்தைகள் பிரிவைப் பார்த்து மனம் நிறைந்து, 1949இல் சுமார் 2,000 பழைய குழந்தை நூல்களைக் கொடையாகக் கொடுத்துவிட்டார். 1998இல்தான் ஏழு தனித்தனி நூலக அமைப்புகளை ஒன்றாக்கினார்கள். நூறாவது கிளையை 2015இல் ஸ்கார்பரோவில் திறந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு நமக்கு வக்கில்லை என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். இங்கே நூலகச் செலவில் பெரும்பங்கு மாநகராட்சி தருவது. நம் பக்கமும் 1948லேயே நூலகச் சட்டம் வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகக் கட்டுகிறோம். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் கொண்டுபோன ஊர் நம்முடையது. மாட்டுவண்டியில் முடிந்தது, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குத் தினமும் பஸ் போகிற காலத்தில் முடியாதா? வாரம் ஒரு பெட்டி மேலே போகட்டும், படித்து முடித்தது கீழே வரட்டும். அதற்கு முன், மாவட்ட மைய நூலகத்தில் இருப்பதையும் மலைக்கிராமத்து நூலகங்களில் இருப்பதையும் ஒரே பட்டியலாகச் சேர்க்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் கிடைத்தால் ஒரு கிளையை எடுத்துத் தொடங்கலாம். நூலின் பெயர், ஆசிரியர், பதிவு எண், எந்தக் கிளை என்று நாலே கட்டம் போதும். எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தட்டச் சொல்லுங்கள்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். கூட்டம் எப்படிப் போனது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்