இரண்டாம் பாதியைக் கைவிடாதீர்கள்: இசை நாடகங்களைப் படமாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய தயாரிப்பாளர்களே, இயக்குநர்களே,

மேடையில் ஆண்டுக்கணக்கில் ஓடிய இசை நாடகங்களின் உரிமையை வாங்கி நீங்கள் படமாக்குகிறீர்கள். அவற்றில் தேவதைக் கதைகளுக்கு என்றைக்கும் மவுசு உண்டு. சின்ட்ரெல்லாவையும் சூனியக்காரியையும் தெரியாதவர் இல்லை, குடும்பத்தோடு வருவார்கள், விடுமுறை நாளில் வெளியிடலாம். கணக்கு சரிதான். ஆனால் எந்தக் காட்சியை வைப்பது, எதை எடுப்பது என்பதையும் அந்தக் கணக்கே தீர்மானிக்கத் தொடங்கும்போது நாடகத்தின் உயிர் போய்விடுகிறது. மேடையையும் திரையையும் ஒரே அளவு நேசிக்கும் ஒரு ரசிகரின் மடல் இது. அடுத்த திரைக்கதையில் கத்தரி வைப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

சின்ட்ரெல்லா, ராபன்ஸல், சிவப்புத் தொப்பிச் சிறுமி, மாய அவரைக்கொடி ஏறிய ஜாக் ஆகியோரின் தேவதைக் கதைகளை ஒரே காட்டுக்குள் பின்னும் 'இன்டு த வுட்ஸ்' நாடகத்தை வைத்தே பேசுகிறேன், ஏனென்றால் இந்தச் சிக்கல்கள் எல்லாம் அந்த ஒரே நாடகத்தில் இருக்கின்றன. இசையும் பாடல் வரிகளும் ஸ்டீபன் சாண்ட்ஹைம், கதை வசனம் ஜேம்ஸ் லபைன். 1986-இல் சான் டியாகோவில் முதலில் மேடையேறி, 1987 நவம்பரில் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேக்கு வந்தது. அடுத்த ஆண்டு சிறந்த இசைக்கும் சிறந்த கதை வசனத்துக்கும் அமெரிக்க நாடகத்துறையின் டோனி விருது வாங்கியது. படமாக வர 2014 டிசம்பர் ஆனது. ராப் மார்ஷல் இயக்கினார், டிஸ்னி வெளியிட்டது. திரைக்கதையை எழுதியவர் அதே லபைன்தான். அதாவது, நாடகம் தெரியாத யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று பழி போட இங்கே வழியில்லை. நாடகத்தைப் பெற்றவரே உட்கார்ந்து எழுதியும் சில இழப்புகளைத் தவிர்க்க முடியவில்லை. அவை எங்கே நடந்தன என்று பார்ப்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் இடைவேளை. அந்த நாடகத்தின் முதல் பாதியில் எல்லாருடைய ஆசையும் நிறைவேறிவிடும். சின்ட்ரெல்லாவுக்கு இளவரசன் கிடைக்கிறான். ரொட்டி சுடுபவருக்கும் மனைவிக்கும் சூனியக்காரியின் சாபம் நீங்கிக் குழந்தை பிறக்கிறது. ஜாக்குக்கும் தாய்க்கும் செல்வம் சேர்கிறது. அத்தனை பேரும் மேடைக்கு வந்து மகிழ்ச்சியாகப் பாடுகிறார்கள். கதைசொல்லி 'தொடரும்' என்று சொல்லாமல் இருந்தால் பார்வையாளர் எழுந்து வீட்டுக்கே போய்விடலாம், அவ்வளவு முழுமையாக முடிந்திருக்கும். அப்புறம் இடைவேளை. வெளியே வந்து நிற்கிறார்கள், பேசிச் சிரிக்கிறார்கள். அந்தக் கால் மணி நேரமும் நாடகத்தின் ஒரு பகுதிதான். "இனிமேல் சுகமாக வாழ்ந்தார்கள்" என்ற நிலையில் பார்வையாளர் கொஞ்ச நேரம் உண்மையாகவே வாழ்ந்துவிட்டு வருகிறார்.

திரும்பி வந்து உட்கார்ந்தால், அந்தச் சுகத்துக்குள் என்ன இருக்கிறது என்று நாடகம் காட்டுகிறது. குழந்தை அழுகிறது, வீடு போதவில்லை, கணவனும் மனைவியும் முணுமுணுக்கிறார்கள். அரண்மனையில் சின்ட்ரெல்லாவுக்குப் பொழுது போகவில்லை. ஜாக்குக்கு மறுபடியும் மேகங்களுக்கு மேலே போக வேண்டும் போலிருக்கிறது. மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்று பாடிக்கொண்டே இன்னும் எதற்காகவோ ஏங்குகிறார்கள். ஜாக் கொன்ற ராட்சதனின் மனைவியான ராட்சசி பழிவாங்க வருவது அதற்குப் பிறகுதான்.

படத்தில் இடைவேளை இல்லை. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இடைவேளையோடு சேர்ந்து அது தந்த அவகாசமும் போய்விட்டது. சின்ட்ரெல்லாவின் திருமணக் கொண்டாட்டத்திலேயே நிலம் அதிர்கிறது, ராட்சசி வந்துவிடுகிறாள். சுகமான வாழ்க்கைக்குள் அலுப்பு வந்தது தெரிவதற்கே நேரமில்லை. விளைவு என்னவென்றால், நாடகத்தில் மனிதர்களின் ஆசையிலிருந்தே பிறக்கும் துன்பம், படத்தில் வெளியிலிருந்து வந்து விழும் ஆபத்தாகத் தெரிகிறது. நாடகம் தெரியாமல் படம் பார்த்தவர்களில் பலர் "முடிந்த கதையை ஏன் இழுக்கிறார்கள்" என்று கேட்டதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு பாட்டை எடுத்தால் எவ்வளவு தூரம் சேதம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். முதல் பாதியில் இரண்டு இளவரசர்களும் தங்கள் காதல் வேதனையை மாறி மாறிப் பாடுவார்கள், ஒருவருக்குச் சின்ட்ரெல்லா, மற்றவருக்கு ராபன்ஸல். இரண்டாம் பாதியில் அதே மெட்டு திரும்ப வரும். இப்போது இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, ஆனால் ஏக்கம் தூங்கும் அழகியின் மீதும் ஸ்னோ ஒயிட் மீதும் போய்விட்டது. அரங்கமே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு, சின்ட்ரெல்லாவின் இளவரசன் காட்டில் ரொட்டி சுடுபவரின் மனைவியை மயக்குகிறான். அவன் அப்படிப்பட்டவன் என்று நமக்கு முன்பே தெரியும், சிரித்துக்கொண்டே தெரிந்துகொண்டோம். படத்தில் அந்த இரண்டாவது பாட்டு இல்லை. அதனால் இளவரசனாக வரும் கிறிஸ் பைன், ரொட்டி சுடுபவரின் மனைவியாக வரும் எமிலி பிளன்ட்டை முத்தமிடும் காட்சி எங்கிருந்து வந்தது என்று புரியாமல் நிற்கிறது. வெட்டியது சில நிமிடங்கள். போனது ஒரு பாத்திரத்தின் காரணகாரியம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் பிராட்வே தயாரிப்பில் ஓநாயாகவும் சின்ட்ரெல்லாவின் இளவரசனாகவும் நடித்தவர் ஒரே நடிகர். சிறுமியை வழிமறிக்கும் பசியும் இளவரசனின் பசியும் ஒன்றுதான் என்று ஒரு வசனம்கூட இல்லாமல் புரிந்துவிடும். படத்தில் ஓநாய் ஜானி டெப். பெரிய நட்சத்திரம், சில நிமிடங்கள் வருகிறார், போகிறார். சிவப்புத் தொப்பிச் சிறுமியாக நடித்தவரும் உண்மையிலேயே சிறுமி. மேடையில் அந்த வேடத்தைப் பெரும்பாலும் வயதில் பெரியவர்கள் செய்வார்கள், அதனால் ஓநாயின் பாட்டில் இருக்கும் இரட்டை அர்த்தத்தைத் தாங்க முடிந்தது. உண்மையான குழந்தையின் முகத்தை க்ளோசப்பில் வைத்துவிட்டு அதே வரிகளைப் பாடினால் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. நடிகர்களைத் தேர்வு செய்யும் நாளிலேயே பாட்டின் பொருள் மாறிவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கதைசொல்லிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வலித்த இழப்பு இது. மேடையில் அவர் ஓரமாக நின்று கதை சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டாம் பாதியில் ராட்சசி ஜாக்கை ஒப்படைக்கச் சொல்லும்போது, பாத்திரங்கள் திரும்பிக் கதைசொல்லியைப் பார்க்கிறார்கள். இவனைக் கொடுத்துவிட்டால் என்ன? அவர் பதறுகிறார், நான் இல்லாவிட்டால் கதை எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியாதே என்கிறார். சூனியக்காரி பிடித்துத் தள்ளிவிடுகிறாள். அந்த நிமிடத்திலிருந்து மேடையில் இருப்பவர்களுக்கும் தெரியாது, இருக்கையில் இருப்பவர்களுக்கும் தெரியாது, அடுத்து என்ன நடக்கும் என்று. படத்தில் ரொட்டி சுடுபவரின் குரலே கதை சொல்கிறது. அது கேட்க இதமாகத்தான் இருக்கிறது, கடைசியில் குழந்தைக்குக் கதை சொல்லும் தகப்பனாக அவர் மாறுவதற்கும் பொருந்துகிறது. ஆனால் அந்தப் பயம் காணாமல் போய்விட்டது. மேடையில் மிதிபட்டுச் சாகும் ராபன்ஸலும் படத்தில் இளவரசனோடு குதிரையேறிப் போய்விடுகிறாள். ராபன்ஸலை மகளாக வளர்த்த சூனியக்காரியாக, அவளை இழந்த தாயாக மெரில் ஸ்ட்ரீப் பாட வேண்டிய துயரத்தின் அடித்தளம் அங்கேயே ஆட்டம் கண்டது. ரொட்டி சுடுபவரும் அவருடைய தகப்பனும் பாடும் 'நோ மோர்' பாட்டும் இல்லை, மெட்டு மட்டும் பின்னணியில் வருகிறது. குழந்தையை விட்டு ஓடிப்போன ரொட்டி சுடுபவர் ஏன் திரும்பி வருகிறார் என்பதற்கு அந்தப் பாட்டுதான் பதில்.

சரி, படத்தில் நல்லதே இல்லையா? உண்டு, நிறைய உண்டு. அதையும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கான பாடமும் அதே படத்தில்தான் இருக்கிறது. அரண்மனைப் படிக்கட்டில் சின்ட்ரெல்லா பாடும் இடத்தைப் பாருங்கள். மேடையில் அவள் தப்பி வந்த பிறகு, நடந்ததை நம்மிடம் சொல்லிப் பாடுவாள். இளவரசன் படியில் தாரைப் பூசி வைத்திருந்தான், காலணி ஒட்டிக்கொண்டது, போவதா நிற்பதா என்று தெரியவில்லை என்று. திரையில் அதை அப்படியே எடுத்திருந்தால் ஒரு பெண் நின்றுகொண்டு பழைய கதை சொல்வது போல ஆகியிருக்கும். மார்ஷல் காலத்தையே நிறுத்திவிடுகிறார். துரத்தி வரும் இளவரசன் அப்படியே உறைந்து நிற்கிறான், தார் ஒட்டிய காலோடு அன்னா கென்ட்ரிக் அந்த ஒரு நொடிக்குள் நின்று யோசிக்கிறார். வரிகளும் நிகழ்காலத்துக்கு மாற்றப்பட்டன. மேடையில் இல்லாத ஒன்று, மேடையால் இவ்வளவு எளிதாகச் செய்ய முடியாத ஒன்று, ஆனால் பாட்டின் உள்ளே இருந்ததுதான் அது. இளவரசர்களின் முதல் பாட்டும் அப்படியே. அருவிக்கரைப் பாறைகளில் நின்று சட்டையைப் பிளந்துகொண்டு பாடுகிறார்கள். மேடையின் மிகையைக் குறைக்காமல், அதற்கு ஏற்ற இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

இந்த அக்கறை முதல் பாதிக்குக் கிடைத்தது. இரண்டாம் பாதிக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே என் கேள்வி.

காட்சிகளை நிஜமாக்கும் ஆசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேடையில் ராட்சசி வெறும் குரல்தான். அதிரும் ஓசையும், மேலே நிமிர்ந்து பார்க்கும் நடிகர்களின் கழுத்தும் போதும், ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வோர் அளவில் ராட்சசி எழுந்துவிடுவாள். ஜாக்கின் பசு முதல் தயாரிப்பில் ஒரு பொம்மை. 2022-இல் பிராட்வேக்குத் திரும்ப வந்தபோது ஒரு கலைஞர் இயக்கிய பொம்மைப் பசுவைப் பார்த்து மக்கள் உருகினார்கள். படத்தில் நிஜப் பசு. மரங்களும் நிஜம், சேறும் நிஜம். எல்லாம் நிஜமான இடத்தில் ஒருவர் திடீரென்று பாடத் தொடங்கினால் அந்தப் பாட்டுதான் பொய்யாகத் தெரியும். ஒளியையோ வண்ணத்தையோ கொஞ்சம் விலக்கி வைத்து, இது கதைக்குள் இருக்கும் காடு என்று முதல் காட்சியிலேயே எங்களிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் ஒப்புக்கொள்வோம்.

பாட்டு முடியும் இடம் சின்ன விஷயம், ஆனால் பலர் தவறவிடுவது. மேடையில் ஒவ்வொரு பெரிய பாட்டும் கைதட்டலை எதிர்பார்த்து ஓங்கி முடியும். கைதட்டல் இல்லாத திரையில் அதே முடிவு வந்தால் ஒரு பள்ளம் விழுகிறது. நடிகர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார், நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்போம். பாட்டின் கடைசி அடியிலேயே அடுத்த காட்சி தொடங்கிவிடட்டும்.

நீளத்துக்கு இன்னொரு வழியும் இப்போது வந்திருக்கிறது, படத்தையே இரண்டாகப் பிரிப்பது. 2003-இல் பிராட்வேக்கு வந்த, ஓஸ் நாட்டுச் சூனியக்காரிகளின் கதையான 'விக்கெட்' நாடகத்தை ஜான் எம். சூ அப்படித்தான் எடுத்தார். முதல் படம் 2024 நவம்பர், இரண்டாவது 2025 நவம்பர். முதல் படம் மட்டுமே 160 நிமிடம், ஏறக்குறைய முழு நாடகத்தின் நீளம். மேடையில் இடைவேளை விழும் அதே பாட்டில் முதல் படத்தை முடித்தார்கள். கால் மணி நேர இடைவேளை ஓராண்டாக நீண்டது. அந்த முதல் படம் நிறைந்த மூச்சோடு ஓடியதை மனமாரப் பாராட்டுகிறேன். நடிகைகள் படப்பிடிப்பில் நேரடியாகப் பாடியதும் முகத்தில் தெரிந்தது. இரண்டாவது படத்துக்கு, நாடகத்தின் பாடல்களை எழுதிய ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் இரண்டு புதிய பாடல்களை எழுத வேண்டியிருந்தது, ஏனென்றால் மேடையின் இரண்டாம் பாதி தனியாக ஒரு படமாக நிற்பதற்காக எழுதப்பட்டதல்ல. எல்லா நாடகத்துக்கும் இது ஒத்துவராது. 'இன்டு த வுட்ஸ்' இப்படிப் பிரிக்கப்பட்டிருந்தால் முதல் படத்தோடு நிறுத்திக்கொண்டு, அது வெறும் மங்கள முடிவுக் கதை என்றே நினைத்துப் போனவர்கள் ஏராளமாக இருந்திருப்பார்கள். அதற்குப் பதில், ஒரே படத்தின் நடுவில் ஐந்து நிமிடம் கருந்திரை, அதற்குப் பிறகு குழந்தை அழும் வீடு, அரண்மனை அலுப்பு. இதை யாராவது துணிந்து செய்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

டிரெய்லர்களை வெட்டுபவர்களிடமும் இதைக் கொண்டு சேர்த்துவிடுங்கள். 2014-இல் வந்த முதல் முன்னோட்டத்தில் யாரும் வாய் திறந்து பாடவில்லை. பாட்டுப் படம் என்று தெரிந்தால் வரமாட்டார்கள் என்ற பயம். வந்து உட்கார்ந்தவர்கள் ஏமாந்தார்கள், பாட்டுக்காகவே வரக்கூடியவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ 5 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பாட்டுக்கு ஆள் இருக்கிறார்கள், மறைக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை, இதற்குச் செலவும் அதிகமில்லை. உரிமையை வாங்கும் ஒப்பந்தத்திலேயே மேடைத் தயாரிப்பைப் பார்வையாளர்களோடு சேர்த்து நன்றாகப் பதிவு செய்யவும் ஒரு ஷரத்து போடுங்கள். 'இன்டு த வுட்ஸ்' முதல் நடிகர் குழுவோடு பதிவு செய்யப்பட்டு 1991-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. இன்றைக்கும் புதிதாக நாடகம் போடுகிறவர்கள் அதைத்தான் தேடிப் பார்க்கிறார்கள். 2016-இல் படம்பிடித்து 2020-இல் வெளியான 'ஹாமில்டன்' இசை நாடகத்தின் மேடைப் பதிவை வீட்டிலிருந்தே எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். மேடைப் பதிவு கையில் இருந்தால் உங்கள் படம் அதன் நகலாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. துணிந்து மாற்றலாம், புதிதாக யோசிக்கலாம். எங்களுக்கு இரண்டும் வேண்டும். படம் வெளியாகும் அதே வாரத்தில் மேடைப் பதிவையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் படங்களுக்காகக் காத்திருக்கும் ஓர் இசை நாடக ரசிகர்