ஙகரம் கற்றுத்தந்தவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டோங்காட் தமிழ்ப் பள்ளிச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. டர்பன் விமான நிலையத்தில் ஆளுக்கொரு பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததில் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்ல வாய்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பு மூத்த வகுப்புப் பிள்ளைகளுடையது. தடுக்கினால் எழுத்துக் கூட்டி வாசியுங்கள், அவசரமில்லை. இங்கே உள்ளவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன்.

அரசுப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டு தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள், சம்பளமில்லாமல் ஓராண்டு சொல்லித்தர வருகிறேன் என்றபோது என் பிள்ளைகளே நம்பவில்லை. விசாவுக்காக ஓர் அலுவலகம் என்னை நான்கு மாதம் அலையவிட்டது. அவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.

முதல் நன்றி, பள்ளிக் குழுவின் மூத்த ஐயாவுக்கு. வந்த புதிதில் பெற்றோர் கூட்டத்தில், "நீங்கள் தமிழை மறந்துவிட்டீர்கள்" என்று நான் பேசிவிட்டேன். ஊரில் மேடையேறிப் பழகிய வாய். அவர் கோபப்படவில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அருகில் வந்து, "மறக்கவில்லை டீச்சர், எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை" என்றார், ஆங்கிலத்தில். 1860 முதல் 1911 வரை உங்கள் நேட்டால் மாகாணத்துக்குக் கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறிய ஒன்றரை லட்சம் இந்தியர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிந்தவர்கள், கிடைத்த காசில் முதலில் கோயில் கட்டினார்கள், அடுத்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். பிள்ளைக்குச் சோறு போடும் மொழி ஆங்கிலம் என்றானபோது அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? அன்றிரவே என் பாடத்திட்டத்தைக் கிழித்துப் போட்டேன்.

மறு வாரம் பிள்ளைகளின் குடும்பப் பெயர்களிலிருந்து தொடங்கினேன். கோவெண்டர் என்பது கவுண்டர், மூட்லி என்பது முதலி, நைக்கர் என்பது நாயக்கர். கப்பல் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது அப்படியே நிலைத்துவிட்டது. படையாச்சி மட்டும் எப்படியோ சேதமில்லாமல் கரையேறியிருக்கிறது. தன் பெயரைத் தமிழில் எழுதிய ஒரு சிறுவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டுப்பாடம் கொடுக்காமலே அடுத்த வாரம் தன் தெரு முழுவதற்கும் எழுதி வந்தான்.

தன் வீட்டில் எனக்கு இடம் கொடுத்த ஆயாவுக்கு என்ன சொல்வது? விடியற்காலையில் விளக்கேற்றித் தேவாரம் பாடுவார். கையில் இருக்கும் நோட்டு முழுவதும் ஆங்கில எழுத்து. அதில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே எழுத்துதான், ஆனால் அவர் நாவில் இரண்டும் பிசகாமல் பிரியும். அவருடைய அம்மா பாடிக் கேட்ட பழக்கம். எழுதப் படிக்கத் தெரிந்த என் பழைய மாணவர்கள் பலருக்கு இது வராது என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளின் மழையை யாரும் மறக்கப்போவதில்லை. மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டோங்காட்டுக்குத் தண்ணீர் சுத்திகரித்துத் தந்த நிலையம் வெள்ளத்தில் நாசமானது. பதினான்காம் தேதி சித்திரைப் புத்தாண்டுக்காகப் பிள்ளைகள் ஒரு மாதமாகக் கும்மி பழகியிருந்தார்கள். அந்த மண்டபத்தில் புத்தாண்டன்று போர்வைகளும் ரொட்டிப் பொட்டலங்களும் தண்ணீர்ப் பாட்டில்களும் கூரை வரை அடுக்கியிருந்தன. அதன்பிறகும் மாதக்கணக்கில் குழாய்கள் வறண்டு கிடந்தன. வேன் ஓட்டும் அண்ணன் புதன்தோறும் என்னை வகுப்புக்கு அழைத்துப் போகும் வழியில் லாரித் தண்ணீருக்கு நின்று ஆயா வீட்டு ட்ரம்மையும் நிரப்பிக் கொடுப்பார். என்னை ஒரு வாளி தூக்க விட்டதில்லை. "உங்கள் கை சாக்பீஸ் பிடிக்க வேண்டும்" என்பார். மின்வெட்டு நாள்களில் அதே வேனின் முன்விளக்கு வெளிச்சத்தில் வாசலில் உட்கார்ந்து உயிர்மெய் படித்தோம்.

இனி 'மா'. மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் ஜூலு அம்மாவை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

கரும்பலகையில் ங எழுதிய நாள் அது. இந்த எழுத்தில் தொடங்கும் சொல் நம் வழக்கில் இல்லை. 'ஙப் போல் வளை' என்று ஔவையை இழுத்து வந்து ஒப்பேற்றிவிட்டு ஞகரத்துக்குத் தாவுவதே என் வழக்கம். அன்றும் தாவப்போனேன். ஏழு வயதுச் சின்னவள் கை தூக்கினாள். "இருக்கிறதே டீச்சர். ஙியபோங்கா!"

ஜூலு மொழியில் அதற்கு நன்றி என்று பொருள். தாழ்வாரத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த மா வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே வரச் சொன்னேன். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து நின்றவர், ஙிலாம்பிலே என்றால் பசிக்கிறது, ஙியகுதாண்டா என்றால் உன்மேல் பிரியம் என்று அடுக்கிக்கொண்டே போனார். 'ஙி' என்றாலே அங்கே 'நான்' தான். நாம் மூலையில் உட்காரவைத்த எழுத்தில் அவர்கள் தங்களையே சொல்லிக்கொள்கிறார்கள்! முப்பத்தோரு ஆண்டாக நான் ஒதுக்கிய ஙகர வரிசையை அன்று மாவின் வாயால் முழுதாக நடத்தினோம். ஙியபோங்கா, மா. சின்னவள் இதை உங்களிடம் சொல்வாள்.

புறப்படுவதற்கு முந்தின இரவு ஆயா ஒரு பழைய நகல் தாளைக் கொண்டுவந்தார். அவருடைய பாட்டனாரின் கப்பல் பதிவு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது 22, இடது கணுக்காலில் தழும்பு. ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர். கிராமத்தின் பெயர்தான் குமாஸ்தாவின் கையில் சிக்கிச் சின்னாபின்னமாகியிருக்கிறது. உரக்கச் சொல்லிப் பார்த்தேன், ஒருவிதமாகச் சொன்னால் ஓர் ஊர், இன்னொரு விதமாகச் சொன்னால் வேறோர் ஊர். மூன்று ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மண் எடுத்து வா, கோயிலில் சூடம் ஏற்று என்றெல்லாம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். ஆயா கேட்டது வேறு: "அங்கே குழாயில் தண்ணீர் வருகிறதா, பார்த்துச் சொல்."

தை பிறந்ததும் போளூருக்குப் பஸ் ஏறுகிறேன், ஆயா. மூன்று ஊரிலும் தெருக்குழாயைத் திறந்து பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்