மூன்றாவது ஓட்டு

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. அக்காவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. மகள் பொதுத்தேர்வுக்குப் படிப்பதால் எங்கள் வீட்டில் டிவிக்கு விடுமுறை. அதனால்தான் உனக்கு நிதானமாகப் பதில் எழுத முடிகிறது.

பில்லிங் தரவுத்தளத்துக்காகப் புதிய சர்வர் ஒன்று வந்திருப்பதாகவும், பழையதில் பதிவாவது அதிலும் பதிவாகும்படி செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று உன் மேலாளர் நினைப்பதாகவும் எழுதியிருந்தாய். உண்மையில் அதுதான் சுலபமான பகுதி. உங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸில் 2010-இல் வெளிவந்த 9.0 பதிப்பிலிருந்தே ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன், அதாவது பதிவுகளை உடனுக்குடன் இன்னொரு சர்வருக்கு நகலெடுக்கும் வசதி, உள்ளேயே இருக்கிறது. ரெப்ளிகேஷன் உரிமையுள்ள ஒரு பயனரை உருவாக்கி, நகலை வைத்திருக்கப்போகும் ஸ்டாண்ட்பை சர்வரில், முழுத் தரவையும் நகலெடுக்கும் பேஸ்பேக்கப் கட்டளையை ஓட்டினால், மதிய உணவுக்கு முன் இரண்டும் ஒத்து ஓடத் தொடங்கிவிடலாம்.

சிக்கல், பதிவுகளை ஏற்கும் தலைமைச் சர்வரான பிரைமரி விழும்போதுதான் தெரியும். சரியாகச் சொன்னால், விழுந்ததா இல்லையா என்று தெரியாதபோது. இரண்டு சர்வர்களுக்கும் இடையிலான இணைப்பு அறுந்தால், எதிரில் இருப்பது செத்துவிட்டதா, நடுவில் கேபிள் மட்டும் போய்விட்டதா என்பதை இரண்டில் எதனாலும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டாண்ட்பை தானே தலைமை ஏற்றுக்கொண்டால், இரண்டும் தனித்தனியாகப் பில் போடத் தொடங்கும். ஒரே பில் எண் இரண்டு வாடிக்கையாளர்களின் கையில் இருக்கும். இந்த ஸ்ப்ளிட் பிரெய்ன் நிலையிலிருந்து தரவைத் திரும்ப ஒன்றாக்கித் தரும் மென்பொருள் எதுவும் கிடையாது; உட்கார்ந்து கையால்தான் பிரிக்க வேண்டும்.

ஆகவே மூன்றாவதாக ஓட்டுப்போட ஓர் இயந்திரம் வேண்டும். நான் பரிந்துரைப்பது பாட்ரோனியும் எட்சிடியும். பாட்ரோனி, இரண்டு தரவுத்தளச் சர்வர்களிலும் ஓடி, எது தலைமை என்பதைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்; எட்சிடி, மூன்று இயந்திரங்களிலும் ஓடி, ஒரே தகவலை ஒத்து வைத்திருக்கும் சிறு தரவுச் சேமிப்பு. தலைமைக்கான சாவி எட்சிடியில் இருக்கும். அதன் ஆயுள் இயல்பாக 30 விநாடி. பிரைமரியில் ஓடும் பாட்ரோனி 10 விநாடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும். புதுப்பிக்க முடியாவிட்டால், தன் தரவுத்தளம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் தலைமையிலிருந்து தானாகவே இறங்கிவிடும். எட்சிடி பெரும்பான்மையை வைத்தே முடிவெடுக்கிறது: அது ஓடும் இயந்திரங்கள் மூன்று இருந்தால் ஒன்று போனாலும் தாங்கும், இரண்டு இருந்தால் ஒன்றுகூடப் போகக் கூடாது. மூன்றாவது இயந்திரத்தில் தரவுத்தளம் தேவையில்லை. சிறியதே போதும், ஆனால் வட்டு வேகமானதாக இருக்கட்டும், ஏனெனில் எட்சிடி ஒவ்வொரு பதிவையும் வட்டில் உறுதிசெய்த பிறகே நகரும். செலவைக் குறைக்கிறோம் என்று அதை முதல் இரண்டு சர்வர்களில் ஒன்றுக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷினாக வைக்கச் சொல்வார்கள். மறுத்துவிடு. அந்தச் சர்வர் போனால் இரண்டு ஓட்டும் சேர்ந்து போகும்.

பெரும்பான்மை இருந்தும் தரவு சிதற முடியும் என்பதற்கு, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் 2018 அக்டோபர் 21 அன்று நடந்தது சாட்சி. அவர்களுடைய தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல். அமெரிக்கக் கிழக்குக் கரையில் 43 விநாடி மட்டுமே இணைப்பு அறுந்தது. அதற்குள் தலைமை, விதிப்படியே, மேற்குக் கரைக்கு மாறிவிட்டது. ஆனால் கிழக்கில் எழுதப்பட்ட சில விநாடிப் பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. தரவை இழக்காமல் இரு பக்கத்தையும் சீராக்கி, சேவை முழுதாகத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

உன்னுடையது பணக் கணக்கு என்பதால், பாட்ரோனியில் சிங்க்ரனஸ் முறையை இயக்கு: ஸ்டாண்ட்பையில் பதிவான பிறகே பில் முடிந்ததாகக் கருதப்படும். அதன் ‘ஸ்ட்ரிக்ட்’ வடிவம் மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்டாண்ட்பை போனால் அது எழுதுவதையே நிறுத்திவிடும். கவுண்டரில் வரிசை நிற்கும்போது அந்தக் கண்டிப்பை உன் மேலாளர் ரசிக்க மாட்டார்.

ஒரு சர்வர் பழையது, ஒன்று புதியது என்றாயே, இரண்டிலும் இயங்குதளப் பதிப்பு ஒன்றுதானா என்று முதலில் பார். டெபியன் லினக்ஸின் 9-ஆம் பதிப்பு ஒன்றிலும் 10-ஆம் பதிப்பு மற்றதிலும் இருந்தால், லினக்ஸின் அடிப்படை நிரல்தொகுப்பான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் எழுத்து வரிசைமுறை மாறியதால், பழையதில் உருவான இண்டெக்ஸ் (தேடலுக்கான அகரவரிசைப் பட்டியல்) புதியதில் தவறாகப் படிக்கப்படும். பிழைச்செய்தி எதுவும் வராது. இருக்கும் வாடிக்கையாளரையே தேடினால் இல்லை என்று சொல்லும். ஸ்டாண்ட்பை இன்னும் வாங்காத பதிவுகளைப் பிரைமரியில் அழியாமல் வைத்திருக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டுக்கும் ஓர் உச்சவரம்பு வைத்துவிடு. போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது, ஆனால் இயல்பாக வரம்பின்றி விடப்பட்டிருக்கும். ஸ்டாண்ட்பை நீண்ட நேரம் படுத்திருந்தால் பிரைமரியின் வட்டு நிரம்பி அதுவும் படுத்துவிடும். பேக்கப் தனியாகத் தொடரட்டும். யாராவது தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பும் நொடியில் ஸ்டாண்ட்பைக்குப் போய்விடும்.

சோதனை செய்யும்போது பாட்ரோனியை முறையாக நிறுத்திப் பார்ப்பதோடு திருப்தி அடையாதே. அப்போது அது சாவியை ஒப்படைத்துவிட்டே விலகும், மாற்றம் உடனே நடந்துவிடும். பிரைமரியின் நெட்வொர்க் கேபிளை உருவிவிட்டுப் பார். சாவி காலாவதியாகும் வரை காத்திருந்து ஸ்டாண்ட்பை தலைமை ஏற்கிறதா, பழைய பிரைமரி எழுதுவதை நிறுத்திவிட்டதா என்று இரண்டு பக்கமும் கவனி. அதற்கு முன் கட்டமைவுக் கோப்பை, கடவுச்சொற்களை நீக்கிவிட்டு, எனக்கு அனுப்பிவை.

அன்புடன்,
சேகர்