தையல் பிரிக்கிற வரைக்கும்

அம்மாடி,

நேற்று மூன்று தடவை போன் போட்டேன். ‘வேலை இருக்குப்பா, அப்புறம் பேசுறேன்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சரி, வேலை இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். போன் என்றால் எடுத்தே ஆக வேண்டும், இது ஒரு மூலையில் கிடக்கும், தோன்றும்போது படித்துக்கொள்.

சிட்டு தையலை நக்குகிறாளா? நக்க விடாதே. நாய் டாக்டர் கொடுத்த பிளாஸ்டிக் கூம்பைக் கழற்றிவிட்டு ஒரு டீ-ஷர்ட்டைப் போட்டுவிட்டிருக்கிறாய், போட்டோவில் பார்த்தேன், அதுவும் நல்லதுதான், ஆனால் ராத்திரி நீ அசந்து தூங்கும்போது கூம்பு இருக்கட்டும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே காய்ந்திருக்காது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தையல் பிரிக்கிற வரைக்கும் சோபாவில் ஏற விடாதே, மாடிப்படி வேண்டாம், குளிப்பாட்டவும் வேண்டாம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. வலிக்கிறதே என்று நாம் போடுகிற மாத்திரையைக் கொடுத்துவிடாதே, பாராசிட்டமால்கூட நாயின் ஈரலைக் கெடுத்துவிடும் என்று ராமையன்பட்டி கால்நடைக் காலேஜில் படிக்கிற எதிர்வீட்டுப் பையன் சொன்னான். அவன்தான் எனக்கு எல்லாம் விளக்கினான். பருவத்துக்கு வந்துபோய் ஒன்றிரண்டு மாதத்துக்குள் கர்ப்பப்பையில் சீழ் கட்டுமாம், நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்குமாம், சோற்றைத் தொடாதாம். சீழ் வெளியே வடிந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும், கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டு உள்ளேயே தேங்கினால்தான் ரொம்ப ஆபத்து என்றான்.

முன்னாலேயே கருத்தடை ஆபரேஷன் பண்ணியிருந்தால் இது வந்தே இருக்காது. நீ அப்போதே கேட்டாய், ஒரு ஈத்தாவது குட்டி போடட்டும் என்று தடுத்தது நான். நீ அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருக்கலாம்.

ராத்திரி பதினொரு மணிக்குப் பதினெட்டுக் கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வேப்பேரிக்குப் போயிருக்கிறாய். அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது, எனக்கும் பெருமைதான், கரப்பான் பூச்சிக்குக் கத்துகிற பிள்ளை. ஆனால் தனியாக ஏன் போனாய்? மாப்பிள்ளை ஊரில் இல்லையோ என்னவோ. சரி விடு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நகைக்கடைக்காரருக்கு அவர் வெப்சைட்டில் பேனர் கலரை மாற்றிக் கொடுத்தாயாமே, உன் தம்பி சொன்னான். உள்ளே நாய் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள், வெளியே நீ சிவப்பை மெரூனாக்குகிறாய். ஒரு நாள் பொறுக்க மாட்டாரா அந்த மனுஷன்? கேட்டால் பொறுப்பார். நீ கேட்டிருக்க மாட்டாய்.

அந்த சைட்டை நானும் போனில் திறந்து பார்த்தேன். இங்கிலீஷ் பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தில்தான் வரிகள் நெரிசல். ‘கீ’யின் சுழி மேல்வரியில் போய் இடிக்கிறது, ‘நூ’வின் வால் கீழே வெட்டுப்படுகிறது. இங்கிலீஷுக்கு வைக்கிற இடைவெளி தமிழுக்குப் போதாது, நமக்கு மேலேயும் கீழேயும் எழுத்து நீளும். நம் பிரஸ்ஸில் டிரெடில் மிஷின் ஓட்டிய காலத்திலேயே எழுத்து கோக்கும்போது வரிக்கு வரி ஈயத் தகடு செருகித்தான் ஃபாரம் முடுக்குவோம், முக்காலி போட்டு உட்கார்ந்து அந்தத் தகட்டை எடுத்துக் கொடுத்தவளே நீதான், மறந்துவிட்டாயா? அப்புறம் ‘வாடிக்கையாளர்களுக்கு’ என்ற சொல் போனில் பட்டனுக்கு வெளியே வந்து நிற்கிறது. நம் சொற்கள் நீளமானவை, கொஞ்சம் இடம் விடு. இன்றைக்கே திருத்த வேண்டாம். நாய் தேறட்டும்.

சொல்ல மறந்துவிட்டேன், அதற்குக் குளிரும். சிப்பிப்பாறை நாய்க்கு உடம்பில் கொழுப்பே கிடையாது, ஏசியில் போடாதே, அம்மாவின் பழைய சேலை இரண்டு உன்னிடம் இருக்கிறதே, அதை மடித்து விரி. நக்க விடாதே.

அந்த டீ-ஷர்ட் நீலக் கோடு போட்டது. தலை தீபாவளிக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு மணி நேரம் புரட்டிப் புரட்டி எடுத்தோமே, அதுதான் என்கிறாள் அம்மா. அது இல்லை என்றேன் நான். அதுதான், எனக்கும் தெரிகிறது. மாப்பிள்ளையே கழற்றிக் கொடுத்திருக்கலாம், நாய் மேல் பிரியமுள்ளவர். அம்மா போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசலில் இருக்கிற செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீ ‘வேலை இருக்கு’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு 2011 ஞாபகம் வருகிறது. உள்ளாட்சித் தேர்தல் சமயம், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஆபரேஷன். நீ பிளஸ் ஒன், யூனிஃபார்மோடு தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தாய். வார்டு தேர்தல் நோட்டீஸ், ராத்திரிக்குள் ஐயாயிரம் அடித்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் போய்விட்டேன். ‘அப்பாவுக்கு ஆர்டர்தான் முக்கியம்’ என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய், கல்யாணப் பந்தலில்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னாய், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அன்றைக்கு ஆர்டரே கிடையாது. அந்த வேலை இரண்டு நாள் முன்னாலேயே கைவிட்டுப் போய்விட்டது, அவர்கள் வேறு இடத்தில் ஆஃப்செட்டில் அடித்துக்கொண்டார்கள். நான் பிரஸ்ஸைத் திறக்கவே இல்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு குறுக்குத்துறைக்குப் போய்ப் படித்துறையில் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலேயே முருகன், கோயிலுக்குள்ளும் போகவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன பேப்பரில் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் என்று ஒரு வரி இருந்தது, அதைப் படித்ததிலிருந்து கை நிற்கவில்லை, நீ பார்த்துவிடுவாய் என்று எழுந்து ஓடிவிட்டேன். பதினாறு வயதுப் பிள்ளையை அங்கே உட்கார வைத்துவிட்டு. ஆர்டர் என்று சொன்னால் கோபம்தான் வரும், பயந்துவிட்டேன் என்று சொன்னால் நீ என்ன நினைத்திருப்பாயோ.

மயக்கம் தெளிந்து அம்மா முதலில் பார்த்தது என் ஈர வேட்டியை. கையில் மை இல்லாததையும் பார்த்திருப்பாள், நோட்டீஸ் அடித்தவன் கை அப்படி இருக்காது என்று அவளுக்குத் தெரியும். இன்று வரைக்கும் கேட்டதில்லை.

அதனால் உனக்கு நிஜமாகவே வேலை இருக்கலாம். நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். முருங்கை காற்றில் முறிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன், வெயிட்டிங் லிஸ்ட் நான்கு, கிடைத்துவிடும். அம்மா வரவில்லை, வந்தால் அவள் வாய் சும்மா இருக்காது. நீ ஸ்டேஷனுக்கு வராதே, நாயைத் தனியாக விடக் கூடாது. பகலில் நான் சிட்டு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், நீ கதவைச் சாத்திக்கொண்டு நகைக்கடையை முடி, இல்லையென்றால் தூங்கு. வாசல் பக்கம் நான் எதையும் பார்க்க மாட்டேன். சொதி வைக்க அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன், கருப்பட்டியும் கொண்டு வருகிறேன். அரிசி எத்தனை பேருக்குப் போட வேண்டும் என்று மட்டும் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

அது வரைக்கும் நக்க விடாதே.

அப்பா