உன் வலது காலைப் பற்றி

ஈரோடு
12.10.2025, ஞாயிறு

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். மகாளய அமாவாசைக்கு முதல் நாள் நீ பேசியது. இன்றோடு இருபத்திரண்டு நாள்கள் ஆகின்றன. கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் அந்தப் படத்தையும் "நல்லா இருக்கேன்மா, பயிற்சி அதிகம்" என்ற ஒற்றை வரியையும் நான் பேச்சாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆத்தாவின் திதிக்குக்கூட நீ அழைக்கவில்லை. அன்று படையல் முடிந்தபின் அப்பா இரவு பதினொரு மணிவரை கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். கேட்டதற்குக் காற்றுக்காக உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் எழுதியதைப் படித்துப் பார்த்தால் குறை சொல்வது போலத்தான் இருக்கிறது. இருக்கட்டும், அடிக்கப் போவதில்லை.

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. மஞ்சள் இடுப்புயரம் வளர்ந்து நிற்கிறது. அண்ணிக்கு ஏழாம் மாதம், ஐப்பசியில் வளைகாப்பு வைத்திருக்கிறோம். கீழ்க்காட்டு விஷயம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி நீ எதுவும் நினைக்க வேண்டாம், சின்ன மாமாவிடமும் கேட்க வேண்டாம். அண்ணன் அனுப்பிய பெட்டியில் கொள்ளு, ராகி மாவு, நிலக்கடலை, எள்ளுருண்டை எல்லாம் இருந்தன. பெட்டி வந்து சேர்ந்ததாகச் சொன்னாயே தவிர, பிரித்ததாகச் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணு.

உன் தோழி வலையேற்றியிருந்த, நீ பனித்தளத்தில் சறுக்கி ஆடும் பயிற்சிக் காணொளியைப் பார்த்தேன். எத்தனை முறை என்று கேட்காதே. மூன்று சுற்று லட்ஸ் தாவலுக்காக அந்த நீண்ட வளைவில் பின்னோக்கி வருகிறாய்; இடது காலின் வெளி விளிம்பு கடைசிவரை உள்பக்கம் சாயவில்லை, வலது காலின் பல்முனை பனியில் குத்துகிறது, எழும்புகிறாய். எழுந்த மாத்திரத்தில் கைகளை விரித்துவிட்டாய். ஒரே சுற்றில் இறங்கினாய். பயத்தில் திறந்துகொள்ளும் தாவலை எனக்குத் தெரியும். இது அப்படிப்பட்டதாக இல்லை. இறங்கப் போகும் காலை முன்கூட்டியே காப்பாற்றிக்கொள்ளும் ஒருத்தியின் தாவலாக இருந்தது. இறங்கியவுடன் இடது காலையும் பனியில் வைத்தாய். பிறகு குனிந்து வலது பூட்ஸின் கயிற்றைச் சரிசெய்தாய். அந்தக் கயிறு அவிழ்ந்திருக்கவில்லை.

முன்பெல்லாம் நீ விழுந்தாயா, விழவில்லையா என்பது மட்டுமே எனக்குப் புரியும். இப்போது உன் மதிப்பெண் தாளை நானே படிக்கிறேன். சுழற்சி கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் ஓர் அம்புக்குறி, அரைச் சுற்றும் அதற்கு மேலும் குறைந்தால் இரண்டு, விழுந்தால் ஒரு மதிப்பெண் தனியே போய்விடும், ஒவ்வொரு தாவலின் தரத்துக்கும் கூட்டல் ஐந்திலிருந்து கழித்தல் ஐந்துவரை. சென்ற ஆண்டுத் தாள்களையும் இந்த ஆண்டுத் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அம்புக்குறிகள் கூடியிருக்கின்றன. உன்னைப் போல இடப்பக்கம் சுழல்கிறவர்கள் எந்தத் தாவலில் எழும்பினாலும் இறங்குவது வலது காலின் வெளி விளிம்பில், பின்னோக்கி. ஒரு நாளைக்கு ஐம்பது தாவல் என்று நீயே ஒருமுறை சொன்னாய். ஐம்பது முறை, உடலின் எடையைப் போலப் பல மடங்கு பாரம், கத்தி அகலத்தில் நிற்கும் ஒரே பாதத்தின் மேல். அந்தப் பாதத்துக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்டால் நீ என்ன பதில் சொல்வாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் தொலைபேசியில் கேட்கவில்லை.

உன்னைப் பற்றி எனக்குள்ள பெருமையை நான் உன் எதிரில் சரியாகச் சொன்னதே இல்லை. வ.உ.சி. பூங்காவின் சிமெண்டுத் தரையில் சக்கரக் காலணியோடு விழுந்து எழுந்த பிள்ளை நீ. தென்கோடியில் இருக்கும் நமக்குப் பனி என்றால் குளிர்பதனப் பெட்டியில் உறைவதுதான். சிம்லாவில் 1920 முதல் இயற்கையாகத் தண்ணீரை உறையவைக்கும் தளம் இருக்கிறது, ஆனால் அது குளிர்காலத்துக்கு மட்டும். டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காகக் கட்டிய உள்ளரங்கத் தளமோ பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து இந்த ஆண்டுதான் மீண்டும் திறந்தது. குருகிராம் வணிக வளாகத்துத் தளத்துக்காக நாம் இரண்டு இரவுகள் கேரளா எக்ஸ்பிரஸில் போய் வந்தோம்; விடுமுறைகளில் மட்டுமே பனி, மற்ற மாதங்களில் சிமெண்டு. அமெரிக்காவில் பிறந்து நம் நாட்டுக்காகச் சறுக்கும் தாரா பிரசாத் போன்றவர்களுக்கு நடக்கும் தூரத்தில் கிடைத்திருக்கக்கூடியதை நீ ரயிலில் போய்ப் பிடித்தாய். பதினெட்டு வயதில் ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃபுக்குத் தனியாகப் போனாய், அந்த ஊர்மொழியைக் கற்றாய், காலையில் சின்னக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்து உன் பனி நேரத்துக்கான பணத்தை நீயே கட்டுகிறாய். உன் நான்கு நிமிட ஆட்டத்தின் காலடி வரிசையில், மாரியம்மன் கோயில் வாசலில் ஆத்தாவோடு நீ ஆடிய கும்மியின் குனிவும் நிமிர்வும் வருகின்றன. நடுவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரிகிறது, அந்த இடம் வரும்போதெல்லாம் காணொளியை நிறுத்திவிடுகிறேன்.

இவ்வளவு செய்தவளுக்கு வேளாவேளைக்குச் சாப்பிடத் தெரியாதா என்று அப்பா என்னைக் கடிந்துகொள்கிறார். அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். நான் எழுத வந்தது இதைத்தான். மூன்று பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

2014இல் சோச்சி ஒலிம்பிக்கை அண்ணனின் கணினியில் நாம் இருவரும் பார்த்தோம். ரஷ்யாவின் யூலியா லிப்னிட்ஸ்கயா பதினைந்து வயதில் ஒரு காலைத் தலைக்கு மேல் நேர்க்கோடாக நிறுத்திச் சுழன்று, அணிப் போட்டியில் தங்கம் பெற்றாள். உனக்கு வயது பத்து. "பார், எவ்வளவு மெல்லிய உடம்பு, அதனால்தான் இப்படிச் சுழல முடிகிறது" என்று நான் சொன்னேன். உன் பயிற்சியாளர் சொன்னதாகப் பிற்காலத்தில் நான் மாற்றி நினைத்துக்கொண்டேன். அதை முதலில் சொன்னது நான். 2017 ஆகஸ்டு இறுதியில் அந்தப் பெண் பத்தொன்பது வயதில் விளையாட்டை விட்டு விலகிய செய்தி வந்தது; உணவை ஏற்க மறுக்கும் அனோரெக்சியா நோய்க்குச் சிகிச்சை பெற்றதாக அதில் போட்டிருந்தது. நான் படித்தேன். உனக்குக் காட்டவில்லை. அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல உன்னைக் கிடங்குக்கு அழைத்துக்கொண்டு போய், மஞ்சள் மூட்டை நிறுக்கும் தராசில் நிறுத்தி, பற்று வரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எடையை எழுதினேன்.

அந்தத் தராசின் இரும்புத் தட்டு மார்கழியில் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ ஒவ்வொரு முறையும் ஒரு காலை எடுத்து மற்றொரு காலின் மேல் வைத்துக்கொள்வாய், நான் "ஆடாமல் நில்" என்பேன். பச்சை மஞ்சளை வேகவைத்துக் காயவைத்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், ஈரம் போகப்போகத்தான் சந்தையில் விலை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய அந்தக் கண்ணால் நான் என் பிள்ளையைப் பார்த்துவிட்டேன். எடை குறைந்த வாரங்களில் உனக்குப் பின்னல் போட்டுவிட்டேன். கூடிய வாரங்களில் ஒப்புட்டை உறவினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். நீ வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை.

அதைவிடப் பெரியது 2019இல் நடந்தது. உனக்கு மாதவிலக்கு வராமல் ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. விவரம் கேட்டபோது, இந்த விளையாட்டில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்றார்கள். நான் நம்பினேன் என்று சொல்வது முழு உண்மை ஆகாது. போட்டிக் காலத்தில் ஒரு தொல்லை குறைந்தது என்று நிம்மதி அடைந்தேன். பிறகு பாதத்தின் நடு எலும்பில் மயிரிழை விரிசல் கண்டு கோவைக்குப் போனோம். அந்த மருத்துவர் உன்னைப் பார்த்துத்தான் கேட்டார், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று. நீ வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டு, "ஒழுங்காக வருகிறது" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், பிறகு சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்தாய். ஆறு வாரம் கட்டுப் போட்டு அனுப்பினார். ஈரோடு வரும்வரை பேருந்தில் நாம் பேசிக்கொள்ளவில்லை. அதைப் பற்றி இன்றுவரையிலும் பேசவில்லை.

ஆண் மருத்துவர் என்ற கூச்சம் ஒரு காரணம் என்று என்னை நானே சமாதானப்படுத்தி வந்திருக்கிறேன். உண்மையான காரணம், அவருக்குத் தெரிந்தால் உன்னை நிறுத்திவிடுவார் என்ற பயம். நீ நின்றுவிட்டால் ரயிலுக்கும் பூட்ஸுக்கும் பிளேடுக்கும் செலவழித்ததற்கு நான் என்ன பதில் சொல்வேன் என்ற பயம். முப்பது ஆண்டுகள் பள்ளியில் பொய் சொல்லக் கூடாது என்று கரும்பலகையில் எழுதியவள், பதினைந்து வயதுப் பிள்ளையின் எலும்பை வைத்துப் பொய் சொன்னேன். செலவழிக்கும் சக்திக்கு உண்ணும் உணவு போதாமல் போனால் உடல் மாதவிலக்கை நிறுத்தும், அதோடு எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜனும் குறையும், எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாமல் விரிசல் விடும் என்பதை இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இலேயே இதற்குத் தனிப் பெயர் கொடுத்து எச்சரித்திருக்கிறது. நாம் சோச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டு.

"நல்லா இருக்கேன்மா" என்று நீ அனுப்பும்போதெல்லாம் எனக்கு அந்த மருத்துவமனை அறையில் என் குரல்தான் கேட்கிறது. அப்படிப் பதில் சொல்ல உனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று நான் வெளியில் தேட வேண்டியதில்லை.

ஆகவே, கண்ணு, நீ எனக்குப் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு மருத்துவரிடம் சொல். 2019இல் விரிசல் வந்ததையும், ஏழு மாதங்கள் வராமல் இருந்ததையும், அம்மா பொய் சொன்னதையும் சேர்த்தே சொல். இப்போது எத்தனை மாதம் என்பதை நான் கேட்கவில்லை, அவரிடம் சொல். எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடாதே. இந்த வகை விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல். எலும்பின் அடர்த்தியையும் பார்க்கச் சொல். பணத்துக்குக் கவலைப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு என்று இந்தக் கடிதத்தில் முன்பே எழுதிவிட்டேன், ஆனாலும் எழுதுகிறேன்: பயிற்சிக்கு முன்னால் சாப்பிடு, முடித்தவுடன் சாப்பிடு, பசி இல்லாவிட்டாலும் சாப்பிடு.

இந்தப் பருவம் முழுவதும் போனாலும் போகட்டும். மூத்தோர் போட்டிகளில் ஆடுவதற்கான குறைந்தபட்ச வயதைப் பதினைந்திலிருந்து பதினேழாக உயர்த்த 2022இல் சர்வதேசச் சறுக்குச் சங்கமே முடிவெடுத்தது. சிறுமியின் உடம்பை அளவாக வைத்து வளர்ந்த பெண்களை நிறுப்பது தவறு என்பது அவர்களுக்கும் புரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். டியானா ஸ்டெல்லாட்டோ டூடெக் என்ற சறுக்கு வீராங்கனை காயத்தால் சின்ன வயதில் விட்டுப் போய், பதினாறு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, 2024இல் மாண்ட்ரியலில் இணையர் பிரிவில் உலகப் பட்டம் வென்றபோது வயது நாற்பது. நீயும் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. திரும்ப விரும்பினால் வழி உண்டு. விரும்பாமல் அந்தக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பதே போதும் என்றாலும், அல்லது எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு ஊருக்கு வந்தாலும், வாசலில் யாரும் உன்னிடம் கணக்குக் கேட்க மாட்டார்கள். கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நோட்டின் அந்தக் கடைசிப் பக்கங்களை நேற்று எடுத்துப் பார்த்தேன். கிழித்துப் போட மனம் வரவில்லை. அது என் கையெழுத்து. மருத்துவருக்குப் பயன்படும் என்றால் படமெடுத்து அனுப்புகிறேன், தேதியோடு எல்லாம் இருக்கிறது.

அடுத்த வாரம் தீபாவளி. அதற்கு முன், வரும் சனிக்கிழமை உங்கள் ஊர் நேரம் மதியம் ஒன்றரைக்கு, இங்கே மாலை ஐந்து மணிக்கு, அப்பா வாய்க்கால் மடை திருப்பப் போயிருப்பார். அண்ணனும் அண்ணியும் அண்ணியின் அம்மா வீட்டில் இருப்பார்கள். நான் தனியாகத்தான் இருப்பேன். அழைத்துவிட்டு நீ பேசாமல் இருந்தாலும் நான் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா